மழையில் குறி பார்க்கும் உரிமை யாருக்கு?

செப்டம்பர் பிறந்தால் குடகில் கைல்போத் விழா. வயலில் நாற்று நட்டு முடித்த கையோடு கொடவர்கள் தங்கள் துப்பாக்கிகளையும் வாள்களையும் துடைத்து வைத்து, செங்காந்தள் பூச்சூட்டி வழிபடுவார்கள். அதையொட்டி ஊர் ஊராகத் தேங்காய் சுடும் போட்டி நடக்கும். பருவமழை முழுதாக விடாத காலம் அது. மூடுபனி குறியை மறைக்கும், சேறு வழுக்கும், சிறிய தோட்டாவைக் காற்று தள்ளிவிடும். இத்தனையையும் கணித்துத் தேங்காயைச் சிதறடிப்பதில்தான் திறமை. பெண்களும் துப்பாக்கி ஏந்திப் போட்டியிடுகிறார்கள்.

இந்த விளையாட்டின் மீது நமக்கு வருத்தமில்லை. அந்தத் துப்பாக்கி எந்த உரிமையில் அந்தக் கைக்கு வந்தது என்பதுதான் நம் கேள்வி.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். குடகில் இரண்டு பிரிவினருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஒன்று, குடகு இனத்தவர். மற்றொன்று, ஜம்மா என்னும் பரம்பரை நிலவுரிமை பெற்றவர்கள். அதாவது, பிறப்பு இருக்க வேண்டும் அல்லது நிலம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் யார்? அதே குடகின் காப்பித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் எரவர், பணியர் போன்ற ஆதிவாசிகளும் தலித்துகளும்தான் பெரும்பாலும். அதே மழை அவர்கள் மீதும் பெய்கிறது. ஒருவருக்கு அது ஆட்டத்தின் சுவை, மற்றவருக்கு ஒழுகும் கூரை. 2016 டிசம்பரில் திட்டள்ளியில் ஆதிவாசிகளின் நூற்றுக்கணக்கான குடிசைகளை அரசு இடித்துத் தள்ளியதே, அந்தக் கூரையும் நிலைக்கவில்லை.

இந்த விலக்கு வெள்ளையர் கொடுத்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு மக்களின் ஆயுதங்களைப் பறித்த அரசு, விசுவாசத்துக்குப் பரிசாக 1861இல் குடகருக்கு விலக்களித்தது. 'போர்க்குல'க் கோட்பாடு பேசி, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியதும் அதே வெள்ளையர் அரசுதான். 1818இல் கோரேகானில் போரிட்டவர்கள் அவர்கள். அம்பேத்கரின் தந்தையே சுபேதாராக இருந்தவர். அப்படிப்பட்டவர்களுக்கு மகர் ரெஜிமென்ட் அமைய 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீரம் யாருக்கு உண்டு என்பதைப் போர்க்களம் தீர்மானிக்கவில்லை, சாதிப் பட்டியல் தீர்மானித்தது.

ஒடுக்கப்பட்டோர் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு, ஆயுதம் ஏந்தும் உரிமையை வருண முறை அவர்களிடமிருந்து பறித்திருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் காரணமாகச் சொல்கிறார். வெள்ளையர் அந்தப் பழைய முறைக்கு அரசாணை போட்டுக் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியா அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. 2019இல் ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் விலக்கு செல்லும் என்றது.

"கொடவர்கள் துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்துவதில்லையே" என்பார்கள். இருக்கட்டும். நன்னடத்தைதான் அளவுகோல் என்றால், அதை ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டும். பிறந்த குலத்தைப் பார்த்து நன்னடத்தைச் சான்று கொடுப்பதற்குத்தான் சாதி என்று பெயர். அதே காட்டோரத்தில் கண்ணியோடு நிற்கும் ஆதிவாசியை வேட்டைக் குற்றவாளி என்று பார்க்கும் கண், துப்பாக்கியோடு நிற்பவரைப் பண்பாட்டுக் காவலர் என்று பார்க்கிறது.

நம் சட்டத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு விதி இருக்கிறது. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தற்காப்புக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது அது. உங்கள் மாவட்டத்தில் அப்படி எத்தனை உரிமங்கள் ரத்தாயின, எத்தனை வழங்கப்பட்டன? ஆட்சியரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

எல்லோர் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. துப்பாக்கி பெருகினால் முதலில் சாவது சேரிதான். சட்டம் பிறப்பைப் பார்க்கக் கூடாது என்றுதான் கேட்கிறோம். கொடவர்களும் மற்றவர்களைப் போல உரிமம் வாங்கிக்கொண்டு தேங்காய் சுடட்டும். பண்பாடு அதனால் அழியாது, 1861இன் பரிசு மட்டும்தான் போகும்.