கட்டிய வரிக்கும் ஒரு வரி

நியூ ஜெர்சியில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குப் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒவ்வொன்றின் முதல் தேதியும் வீட்டுவரித் தவணை. இங்கே சராசரி வீட்டுவரி 2024இல் வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. போகட்டும், பிள்ளைகள் படிக்கத்தானே! சம்பளம் கைக்கு வருமுன்பே மாநில வருமான வரியையும் பிடித்துவிடுகிறார்கள். அதற்கும் நான் முணுமுணுத்ததில்லை.

வயிறு எரிந்தது ஃபெடரல் வரிக்கணக்கு எழுதும்போதுதான். ஷெட்யூல் ஏ படிவத்தில் 5டி என்ற இடத்தில், வருமானத்திலிருந்து கழிப்பதற்காக, மாநிலத்துக்கும் ஊருக்கும் கட்டியதை எல்லாம் கூட்டி எழுதச் சொல்வார்கள். எழுதுவோம். அடுத்த 5இ-யில், 2024ஆம் வருஷக் கணக்கு வரை, 10,000 டாலருக்கு மேல் செல்லாது என்றார்கள். 22,000 கட்டியிருந்தால் மீதி 12,000 என் கையில் இருந்ததாகவே கணக்கு. கண்ணில்கூடப் படாத பணத்துக்கு வருமான வரி!

1913இலிருந்து இருந்துவந்த கழிவு இது. 2017இல் போட்ட சட்டம்தான் அடுத்த வருஷத்திலிருந்து இந்த வரம்பை வைத்தது. நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மேரிலாந்து நான்கும் கோர்ட் படியேறித் தோற்றதுதான் மிச்சம்.

"உங்கள் மாநிலம் வரியை ஏற்றினால், மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸ்காரர் ஏன் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்? கழிவால் லாபம் வசதியானவர்களுக்குத்தானே?" என்று வரம்பை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? கார்ப்பரேட் கம்பெனிகள் தாங்கள் கட்டும் மாநில வரியைச் செலவாகக் காட்டி முழுசாகக் கழிக்கலாம். பார்ட்னர்ஷிப்காரர்கள் தங்கள் மாநில வருமான வரியை நிறுவனத்தின் பெயரில் கட்டி வரம்பைத் தாண்டிக்கொள்ள, 2020இல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸே வழிவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் கதவு சாத்தியாயிற்று. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு!

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். 2024 வரை, கல்யாணம் ஆகாத இருவர் என்றால் ஆளுக்கு 10,000. அவர்களே தாலி கட்டிக்கொண்டு ஒன்றாகக் கணக்குக் கொடுத்தால், இருவருக்கும் சேர்த்தே 10,000. தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்போமே என்றால் ஆளுக்கு 5,000.

2025இல் வரம்பை 40,000 ஆக்கினார்கள். அப்பாடா என்று உட்காருவதற்குள் மீதியையும் சொல்லிவிட்டார்கள்: வருமானம் சுமார் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் வரம்பு சுருங்கும், 2030இல் எல்லோருக்கும் பழையபடி 10,000. தம்பதிகளுக்குத் தனி வரம்பு இப்போதும் இல்லை. கம்பெனிகளுக்கான வழியும் திறந்தே கிடக்கிறது.

கழிவு கூடாது என்றால் கம்பெனிக்கும் கூடாது. உண்டு என்றால் சம்பளக்காரருக்கும் உண்டு. இரண்டில் எதைச் செய்தாலும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டுப் போகிறேன். ஆளுக்கொரு சட்டம் போட்டுவிட்டு, அதை வரிச் சீர்திருத்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.