நான்கு ராமசாமிகள்

1947ல் விடுதலையை ஒட்டித் தென்னாட்டில் எழுந்த சண்டைகளில் நான்கு ராமசாமிகள் இருந்தார்கள். இருவர் திவான்கள். ஒருவர் ஈரோட்டுக்காரர். நான்காமவன் மைசூர் ஹார்ட்விக் பள்ளி மாணவன். அவனைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ராமசாமி சர்க்கிள் வழியாகப் பஸ்ஸில் போகிற பலருக்கு அது வெறும் ஸ்டாப்பின் பெயர். அன்று அது ஐந்து விளக்கு சர்க்கிள். 1947 செப்டம்பர் 13 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் அந்தப் பையன் உயிரை விட்டான். தேசியக் கொடியேற்றப் போனவன் என்று ஊரில் சொல்வார்கள். நாடு விடுதலையாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் இந்தியாவோடு சேரக் கையெழுத்தும் போட்டாயிற்று. அப்புறம் என்ன சண்டை?

மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்றது மைசூர் காங்கிரஸ். அதற்காக செப்டம்பர் 1 அன்று ‘மைசூர் சலோ’ போராட்டம் தொடங்கியது. கே.சி. ரெட்டி முதலான தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். எதிரே நின்ற திவான் நம் நீதிக்கட்சியின் ஆற்காடு ராமசாமி முதலியார்.

மகாராஜா பக்கம் நின்றவர்களை விலைபோனவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவின் பழைய கடைகளுக்குள் நிமிர்ந்து பாருங்கள். கல்லாவுக்கு மேலே சாமி படங்களின் வரிசையில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் இருப்பார். கடை திறந்ததும் காட்டுகிற ஊதுபத்தி அவருக்கும் சேர்த்துத்தான். கண்ணம்பாடி அணையும், 1916ல் பல்கலைக்கழகமும், பிற்பட்டோருக்கு அரசு வேலையில் இடமும் தந்த சமஸ்தானம் அது. ‘நமக்கு என்ன குறை?’ என்று கேட்டவர்களிடம் நன்றி இருந்தது. காங்கிரஸ்காரரிடமும் பதில் இருந்தது. 1881லிருந்து பிரதிநிதி சபை இருக்கிறது, மனு கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம், ஆனால் திவானை மாற்ற முடியுமா? நான் அன்று இருந்திருந்தால் இவர் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனாலும் இரண்டு பேச்சுக்கும் தெருவில் இடம் இருந்திருக்க வேண்டும். ஒரு தரப்பு துப்பாக்கியைத் தூக்கிய பிறகு மற்றவர் எதைப் பேசுவது?

இன்னொரு திவான், திருவிதாங்கூரின் சி.பி. ராமசாமி ஐயர், ஜூன் மாதமே தனிநாடு என்று அறிவித்தார். முந்தின ஆண்டு புன்னப்புரா வயலாரில் மக்களைச் சுட்ட ஆட்சி அவருடையது. ஜூலை 25 அன்று அவர் மீதே அரிவாள் பாய்ந்தது. சில நாளில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டது. முடிவு எனக்குச் சம்மதம், வழி சம்மதமில்லை.

ஈரோட்டு ராமசாமி, நம் பெரியார், ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார். வெள்ளைக்காரன் இறங்கி, பார்ப்பன பனியா ஆட்சி ஏறுகிறது என்பது அவர் கணக்கு. ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அவருடைய தளபதி அண்ணாதுரைக்கும் அது குறைவில்லை. ‘திராவிட நாடு’ இதழில், அது இன்ப நாள் என்று எழுதினார். இரண்டு பகையில் ஒன்று தொலைகிறது, அந்நியன் ஆண்ட பழி நீங்குகிறது, அதைக் கொண்டாடாமல் இருப்பதா என்பது அவர் வாதம். தலைவரை மறுத்தார், அச்சில் மறுத்தார், மரியாதை குறையாமல் மறுத்தார். திராவிடர் கழகம் அன்றே உடைந்துவிடவில்லை. தி.மு.க. பிறக்க 1949 செப்டம்பர் வரை ஆயிற்று, அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. இன்று எந்தக் கட்சியிலாவது இரண்டாம் இடத்தில் இருப்பவர் இப்படி எழுதிவிட்டு மறுநாள் கட்சி அலுவலகத்துக்குள் கால் வைக்க முடியுமா?

மைசூரில் அக்டோபரில் அரண்மனை இறங்கி வந்தது. கே.சி. ரெட்டி முதல்வரானார். முதலியாரோ 1949 வரை திவானாகவே தொடர்ந்தார். சிறையில் அடைத்த நிர்வாகத்தின் தலைவரும் சிறையிலிருந்து வந்தவரும் ஒரே அரசில் வேலை பார்த்தார்கள். நேற்றைய எதிரணி என்பதற்காக ஒருவரின் திறமையை வீணாக்காத அந்தப் பக்குவம் டெல்லிக்கும் இருந்தது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் விவகாரம் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனபோது, இந்தியாவின் தரப்பை எடுத்துச் சொல்ல நேரு அரசு அனுப்பியது இதே ராமசாமி முதலியாரைத்தான்.