வண்டியோடு அந்தப் புத்தகமும் வேண்டும்



கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “சொந்தமா பார்த்துக்கலாம்னு ஸ்பேனர் செட்டெல்லாம் வாங்கி வெச்சுட்டனுங்க. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கோணும்னு சொல்ற புத்தகந்தான் எங்கியும் கிடைக்கலீங்க. ஷோரூம்ல கேட்டா, அதெல்லாம் வெளிய தர்றதில்லைன்னுட்டாங்க.”

கொங்கு நாட்டிலிருந்து இப்படியொரு கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளின் மேல் ஆசைப்பட்டார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்ப மாட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவரும் அவரே. அந்த ரட்ஜ் வண்டி அவிநாசி சாலையில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஆனால் எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆக முடியாது. புத்தகம் இல்லாமல் கற்றுக்கொள்ளப் போனால் பாடத்துக்கான கட்டணத்தை வண்டிதான் கட்டும். இன்ஜின் ஆயில் மாற்றுகிற சின்ன வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட் இரும்பு. அது ஏறுகிற இன்ஜின் கேஸ் அலுமினியம். கை பலத்தை நம்பி இன்னும் அரைச் சுற்று முறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். அப்புறம் லேத் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புது மரை போட வேண்டும். வாசகர் தேடும் புத்தகமான சர்வீஸ் மேனுவலில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: இந்த போல்ட்டுக்கு இவ்வளவு முறுக்கு, வாஷரைப் புதிதாக மாற்று. டாப்பெட் (வால்வு) இடைவெளிக்கும் அப்படித்தான். இன்ஜின் ஆறிய பிறகே ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லும். சூட்டில் உலோகம் விரிந்திருக்கும்போது எடுக்கிற அளவு தப்பாகத்தான் வரும்.

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், பழைய ஹீரோ ஹோண்டா வண்டிக்கான மேனுவலின் ஜெராக்ஸ் பிரதியைப் பக்கம் பக்கமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். இன்ஜினின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியே, மாட்ட வேண்டிய வரிசையில், எண்ணிட்டு வரையப்பட்ட படங்கள். உறையெல்லாம் ஆயில் கைரேகை. “படத்தைப் பாத்துட்டுக் கை வைடா கண்ணு” என்று வேலை பழகும் பையன்களிடம் சொல்வார். டைமிங் செயின் மாட்டும்போது அவரும் ஒருமுறை அதைப் புரட்டிக்கொள்வார். நன்றாகத் தெரிந்தவர்தான் சரிபார்த்துக்கொள்கிறார் என்பது எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கிய விஷயம்.

வண்டியோடு வரும் ஓனர்ஸ் மேனுவல் வேறு. டயர் காற்று, ஆயில் ரகம், செயின் தொய்வு, எத்தனை கிலோமீட்டருக்கு எந்த வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வீடுகளில் அது ஆர்.சி. புக்கோடு பீரோவுக்குள் தூங்குகிறது. முதலில் அதைப் படியுங்கள். மற்ற வேலைகளில் கை வைத்தாலும், பிரேக் வேலையை மட்டும் கற்றுத் தேறும்வரை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் சங்கதி இன்னும் இறுகிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. தேங்காயும் பால் கேனும் சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் வரை இதுதான் நிலை. சில வண்டிகளில் மீட்டரில் இருக்கும் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதே பழுதைச் சொல்லும் குறி. அந்தக் குறிகளின் பட்டியலும் வயரிங் படமும் இல்லாவிட்டால் அந்தியூரிலோ தாராபுரத்திலோ கடை வைத்திருக்கும் கைதேர்ந்த மெக்கானிக் கூடத் திணறித்தான் போவார். அவருக்குப் பிழைப்பு போகிறது. விவசாயிக்கு ஒரு நாள் வேலை கெட்டு, நகரத்துக்கு அலைச்சல்.

கார் விஷயத்தில் இப்படிக் கையேட்டை மறைப்பது வழக்காகவே வந்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்குக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர் 1960-களிலேயே வண்டியை முழுக்கப் பிரித்து மாட்டி, அதைப் படம்பிடித்துப் புத்தகமாகப் போட்டார். சாதாரணக் குடும்பங்கள் அதைக் கடையில் வாங்கின.

தமிழில் முடியாதா? சென்னை கிண்டியில் இயங்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் ஐடிஐ மாணவர்களுக்கான தொழிற்பாட நூல்களைத் தமிழிலும் கொண்டுவருகிறது. அரசு நிறுவனம் செய்கிற வேலையை, தமிழ்நாட்டிலேயே தொழிற்சாலை நடத்தும் மோட்டார் சைக்கிள் நிறுவனங்களும் செய்யலாம். ஒவ்வொரு வண்டிக்கும் தமிழில் சர்வீஸ் மேனுவல், நியாயமான விலையில், கேட்பவர் எவருக்கும் கிடைக்க வேண்டும். வண்டிக்கு முழு விலை கொடுத்தவர் அதைக் கேட்பது சலுகை ஆகாது.

புது வண்டி வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் சர்வீஸ் மேனுவல் கிடைக்குமா என்று ஷோரூமில் கேளுங்கள். வந்த பதிலை வண்டியின் பெயரோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்; திரட்டி நிறுவனங்களுக்கு அனுப்பிவைக்கிறோம். பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 மேனுவல் யார் வீட்டிலாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து உங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்