மருத்துவ நூலும் அதன் மொழியும்

மருத்துவக் கலையைத் தமிழிற் கற்பித்தல் இயலுமா என்னும் வினா எழும்போதெல்லாம், "தமிழில் அதற்குரிய சொற்கள் இல்லையே" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. கற்றோர் பலர் அவ்விடையோடு அமைந்துவிடுகின்றனர். முதலில் சொற்கள் நிறைதல் வேண்டும், பின்னரே நூல்கள் எழுதல் கூடும் என்பது அதன் உட்கிடை. உடற்கூற்று நூல்களின் வரலாறோ இதற்கு நேர்மாறாக உள்ளது. அவ்வரலாற்றிற் சில பகுதிகளை ஈண்டு எடுத்துக்காட்டி எமது கருத்தைக் கூற விழைகின்றோம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கலாசாலைகளில் உடற்கூறு கற்பிக்கப்பட்ட முறை விந்தையானது. ஆசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து இலத்தீன் ஏட்டை வாசிப்பார். கீழே, மேசைமேற் கிடத்திய பிணத்தை, நாவிதத் தொழிலோடு இரணவைத்தியமும் பயின்ற ஒருவர் அறுப்பார். பிறிதொருவர் கோல்கொண்டு உறுப்புக்களைச் சுட்டுவார். ஏட்டை அறிந்தவர் உடலைத் தொடுவதில்லை. உடலைத் தொட்டவர்க்கு ஏட்டின் மொழி தெரியாது. (நம் நாட்டிலும் நாவிதர்க்கு மருத்துவர் என்ற பெயரும், அவர் மனைவியர்க்கு மருத்துவச்சி என்ற பெயரும் வழங்கியமை அன்பர் நினைவுக்கு வரலாம்.) ஏடு ஒன்று கூறப் பிணம் மற்றொன்று காட்டின், வெற்றி ஏட்டுக்கே. இரண்டாம் நூற்றாண்டினரான கேலன் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனித உடலுக்கும் ஏற்றி உரைத்திருந்தார். மனிதனது கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலாயது என்ற அவர் கூற்று, தாடை ஒன்றாகவே கண்முன் கிடந்த போதும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்தது.

இந்நிலையை மாற்றியவருள் தலைசிறந்தவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1514-ஆம் ஆண்டு பிறந்த ஆந்திரேயாஸ் வெசாலியஸ். 1537-இல், தமது இருபத்து மூன்றாம் வயதில் பதுவா நகரில் ஆசிரியராக அமர்ந்த அவர், பீடத்தினின்றும் இறங்கிக் கத்தியைத் தம் கையிலேயே எடுத்தார். மனித உடலின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய ஏழு பகுதிகள் கொண்ட பெருநூல் 1543-இல் பாஸல் நகரில் அச்சாயிற்று. அதிலுள்ள படங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுக்குரிய மரக்கட்டைகள் வெனிஸ் நகரிற் செதுக்கப்பெற்று, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பாஸலுக்குச் சென்றன. படங்களை வரைந்த கலைஞர் இன்னார் என்பது இன்றளவும் விவாதத்திற்குரியது. நூலாசிரியர் பெயர் உலகெங்கும் நிலைத்திருக்க, அந்நூலின் பெருமைக்குப் பாதிக் காரணமானவர் பெயர் ஐயத்தில் ஆழ்ந்தது வருந்தத்தக்கதே. அக்கட்டைகளிற் பெரும்பாலன ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கெடாதிருந்தன. 1934-இல் மியூனிக் நகரில் அவற்றைக்கொண்டே படங்களை மீண்டும் அச்சிட்டனர். பின்னர் நிகழ்ந்த உலகப்போரில் அவை குண்டுவீச்சுக்கு இரையாயின.

இத்துணைச் சிறந்த நூலும் இலத்தீனிலேயே இருந்தது. மருத்துவர் கையால் செய்யும் தொழிலைக் கல்வியற்ற நாவிதர்பால் விட்டுவிட்டமையை வெசாலியஸ் தம் முன்னுரையிற் கடிந்துரைக்கின்றார். ஆனால் அக்கடிந்துரையும் அந்நாவிதர் படித்தறிய இயலாத மொழியிலேயே அமைந்தது! எனினும், பெருநூலின் சுருக்கமாக அவர் இயற்றிய சிறுநூல் அதே 1543-இல் ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது.

பிரான்சு தேசத்தில் அம்புரோவாஸ் பாரே என்பார் நாவித இரணவைத்தியராகத் தொழில் தொடங்கியவர், இலத்தீன் கல்லாதவர். துப்பாக்கிக் காயத்தில் நஞ்சு கலந்திருக்கும் என்றெண்ணி அதிற் கொதிக்கும் எண்ணெயை வார்ப்பது அக்கால வழக்கம். இத்தாலியப் போர்க்களம் ஒன்றில் எண்ணெய் தீர்ந்துபோகவே, முட்டையின் மஞ்சட்கரு, ரோஜாத் தைலம், டர்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து காயங்களிற் பூசினார். எண்ணெய் வார்க்கப்படாதோர் இறந்திருப்பரோ என்று அஞ்சி இரவெல்லாம் துயிலாதிருந்தவர், விடியற்காலையிற் சென்று பார்த்தபோது, அன்னோர் நோவு குறைந்து உறங்கியிருக்க, எண்ணெய் வார்க்கப்பட்டவரே சுரமும் வீக்கமும் கொண்டு துடித்தனர். இதனை அவர் 1545-இல் தம் தாய்மொழியாகிய பிரெஞ்சில் எழுதி வெளியிட்டார். பின்னர் 1561-இல், வெசாலியஸின் படங்களைத் தழுவி உடற்கூற்று நூல் ஒன்றையும் பிரெஞ்சிலேயே இயற்றினார். பதுவாவில் இலத்தீனில் அடைபட்டிருந்த அறிவு இவ்வாறு கத்தி பிடித்தோர் கைக்கு வந்தது. 1575-இல் அவர் நூல்கள் ஒரு தொகுதியாக வந்தபோது பாரிஸ் நகரத்து மருத்துவ வித்துவான்கள் அதனை எதிர்த்தனர். பாரே அதற்குள் அரசர்களின் இரணவைத்தியராய் உயர்ந்திருந்தமையின் எதிர்ப்புப் பலிக்கவில்லை.

பொதுமொழி ஒன்றால் விளையும் நன்மையை நாம் மறுத்தற்கில்லை. குருதியோட்டத்தைப் பற்றி வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட சிறுநூலை ஆங்கிலத்தில் எழுதியிருப்பின், பிற நாட்டறிஞர் அதனை அத்துணை விரைவிற் படித்து வாதிட்டிரார். அறிஞர் அறிஞரோடு உரையாட ஒரு மொழி வேண்டும்; இன்று அதற்கு ஆங்கிலம் உள்ளது. யாம் பேசுவது கற்பிக்கும் நூலைப் பற்றியும், நோயாளியோடு உரையாடுதலைப் பற்றியுமே.

சொல் இல்லை என்போர் சிறப்பாக நோக்கத் தக்கது ஜப்பானில் நிகழ்ந்தது. 1771-இல், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரின் கொலைக்களத்தில், மரணதண்டனை பெற்ற ஒரு மூதாட்டியின் உடல் அறுக்கப்படுவதைக் காணச் சுகிதா கெம்பாக்கு, மேயனோ ரியோட்டாக்கு முதலிய மருத்துவர் சென்றனர். குல்முஸ் என்னும் ஜெர்மானியர் எழுதிய உடற்கூற்று நூலின் டச்சு மொழிபெயர்ப்பு இருவர் கையிலும் இருந்தது. அறுத்தவர் தாழ்த்தப்பட்ட குலத்தைச் சார்ந்த தொண்ணூறு வயது முதியவர். இருதயம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகக் காட்டி வந்த அவர், வேறு சில உறுப்புக்களைச் சுட்டி, அவற்றுக்குப் பெயர் தெரியாதெனினும் தாம் இளமை முதல் அறுத்த உடல்கள் அனைத்திலும் அவை இருந்தன என்றும், முன்னர் வந்த மருத்துவர் எவரும் அவற்றைப் பற்றி வினவியதில்லை என்றும் கூறினாராம். டச்சுப் படங்களோடு ஒப்பிட்ட போது எல்லாம் பொருந்தின. பெயரறியாத கை, உடலைப் பார்த்திராத ஏட்டைக்காட்டிலும் அதிகம் அறிந்திருந்தது!

திரும்பும் வழியிலேயே மொழிபெயர்ப்பது என்று துணிந்தனர். அகராதி என்று சொல்லத்தக்கது ஒன்றும் கையில் இல்லை. மேயனோவுக்குச் சில நூறு டச்சுச் சொற்கள் தெரியும். சுகிதாவுக்கு எழுத்துக்களே தெரியா. கண்ணின் மேல் வளரும் மயிர் புருவம் என்னும் ஒரு வாக்கியத்தை அறிய நீண்டதொரு வசந்தகாலப் பகல் முழுதும் சென்றதென்று சுகிதா தம் முதுமையில் எழுதியுள்ளார். நரம்புக்கும், குருத்தெலும்புக்கும் அவர்கள் புதிய சொற்களை ஆக்கினர். அச்சொற்களே இன்றும் ஜப்பானில் வழங்குகின்றன. நூல் 1774-இல் வெளிவந்தது. கற்றோர்க்குரிய சீன நடையில் அமைந்ததேனும் அந்நாட்டு மருத்துவர் படித்தறிவதற்கு அது போதுமாயிருந்தது.

அந்நூலில் மேயனோவின் பெயர் இல்லை. மொழிபெயர்ப்பு நிறைவுறவில்லை என்பது அவர் எண்ணம். சுகிதாவோ, தாம் நோயாளர் என்றும், நிறைவை நோக்கிக் காத்திருப்பின் தாம் மண்ணுக்குள் போய்விடுவார் என்றும் விரைந்தார். நூலிற் பிழைகள் பல இருந்தன என்பது உண்மையே. அவருடைய மாணாக்கர் ஓட்சுகி கெந்தாக்கு திருத்திய பதிப்பு 1826-இல் வெளியாயிற்று. பிழையுள்ள நூல் ஒன்று இருந்தமையாலன்றோ திருத்துவதற்கும் ஒன்று கிடைத்தது! நம்மவருள் மேயனோக்கள் மிகப் பலர், சுகிதாக்களே அரியர்.

தமிழிலும் இம்முயற்சி நடவாததன்று. 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணாக்கர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம் ஆகியவை பற்றிய ஆங்கில நூல்களைத் தம் மாணாக்கர் துணையோடு தமிழாக்கி அச்சிடுவித்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்றும், உடல் தொழிற்படும் முறைக்குச் சுகரணம் என்றும் அந்நூல்கள் பெயர் வழங்கின. அச்சொற்கள் இன்று நமக்கு உவப்பாயினும் அன்றாயினும் அவற்றைக்கொண்டு மாணாக்கர் வைத்தியராயினர். சொல் கிடைக்கும் வரையில் அவர் காத்திருந்தாரல்லர்.

இன்று நம் வைத்தியக் கலாசாலைகளிற் போதனை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. அங்கே தேறி வரும் இளைஞர், தம் தாயைப் போன்ற ஒரு கிராமத்து மூதாட்டியிடம் அவள் கணையத்தில் நேர்ந்த கோளாறைச் சொல்ல இயலாது, "வயிற்றிலே ஒரு கோளாறு, அம்மா" என்று முடித்துவிடுகின்றார். அவளும் தனக்கு விளங்காத தாளிற் கைந்நாட்டு வைக்கின்றாள். சொற்குழு கூடி அகராதி ஒன்றை நிறைவு செய்யும் வரை இந்நிலை நீடிக்க வேண்டுமா? உடலை அறுத்துப் பயின்ற மாணாக்கர் நால்வர், தமிழாசிரியர் ஒருவரை அருகே வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை கூடினாற் போதும். எலும்புகளைப் பற்றிய நூலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து ஏட்டோடு ஒப்பிட அதுவே எளிது.