அடித்தது யார்?

சினிமாவில் சண்டைக் காட்சி வருகிறது. கதாநாயகன் கையை ஓங்குகிறான். ‘டமார்’ என்று ஒரு சத்தம்! கொட்டகையே அதிர்கிறது. குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக் கொள்கிறது.

அதே காட்சியைச் சத்தம் இல்லாமல் பாருங்கள். இரண்டு பேர் சும்மா கையை வீசிக் கொண்டிருப்பார்கள். சிரிப்புத்தான் வரும்!

பாதிச் சண்டையைப் போடுகிறவர்கள் வாத்தியக்காரர்கள்.

2000-ம் ஆண்டில் ‘க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ என்ற சீன மொழிப் படம் வந்தது. வாள் சண்டைப் படம். இசை அமைத்தவர் டான் டுன். வாசித்தவர்கள் ஷாங்காய் நகரத்தின் பெரிய வாத்தியக் குழுவினர். ஆனால், இரவில் இரண்டு பெண்கள் கூரைமேல் ஓடிச் சண்டை போடும் இடத்தில் முரசுதான் முழங்குகிறது. கால் வேகம் கூடக் கூட, முரசின் வேகமும் கூடுகிறது. நமக்கு மூச்சு முட்டுகிறது! இந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

நம் ஏ.ஆர்.ரகுமானும் 2003-ல் வந்த ஒரு சீன வாள் சண்டைப் படத்துக்கு இசை அமைத்திருக்கிறார்.

முரசு என்றால் தோல். தோலைப் பற்றி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் செருப்புக்கும் ஷூவுக்கும் பதனிட்ட தோல் முரசுக்கு உதவாது. அது வளையும், ஒலிக்காது. முரசுக்கும் பறைக்கும் முடியை நீக்கி, பதனிடாமல், இழுத்துக் கட்டிக் காய வைத்த தோல் வேண்டும். சிலம்பம் சுற்றும் இடத்தில் பறையை நெருப்பில் காட்டுகிறார்களே, ஏன்? ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் சத்தம் கணீரென்று வரும்.

அங்கே கம்பு சுற்றுகிறவரையும் ஊர் பார்க்கிறது. பறை அடிக்கிறவரையும் பார்க்கிறது.

சினிமாவில் அப்படி இல்லை. 1963-ல் வந்த ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். சிலம்பம் ஆடினார். இசை விசுவநாதன்-ராமமூர்த்தி. இது பலருக்கும் தெரியும். அந்தப் படத்தில் தோல் வாத்தியம் வாசித்தவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நூறு வயலின், ஐம்பது முரசு ஒலியை எழுப்பி விடுகிறார். செலவு குறைவுதான். ஆனால் அந்த ஒலியும் என்றோ ஒரு மனிதன் கை வலிக்க அடித்துப் பதிவானதுதானே!

சண்டை அமைத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். அது நியாயம். அதற்குக் கீழே, அந்தச் சண்டைக்கு வாசித்தவர்கள் பெயரையும் போடட்டும். நாலு வரி, பத்து விநாடி.