மக்காத பொருளும் மடியும்

பிளாஸ்டிக்கை அழியாப் பொருள் என்று நாம் ஏசுகிறோம். மண்ணிலே மக்காது என்பதே அதன்மீது நாம் சுமத்தும் குற்றம். ஆயினும், பல்லாண்டு பெட்டியிற் கிடந்த பிளாஸ்டிக் பாவையொன்றை எடுத்துப் பார்ப்பவருக்கு வேறோர் உண்மை புலனாகும். கன்னத்திற் கரும்புள்ளி, கையிற் பிசுபிசுப்பு, முகத்தில் மஞ்சள். மக்காத பொருளும் நோயுறும்.

அந்நோய் பொருளுக்குப் பொருள் வேறுபடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியிலே உருவான, ஆமை முத்திரை பொறித்த செலுலோயிட் பாவைகளைப் பாருங்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அவை நச்சுவாயுவைக் கக்கும். அவ்வாயு ஈரத்தோடு கூடி அமிலமாகிப் பாவையையும் அரிக்கும், அயலிலுள்ளவற்றையும் அரிக்கும். டென்மார்க்கின் லெகோ கட்டைகள் 1963 வரை செலுலோசு அசிற்றேற்றினால் ஆனவை. அவற்றுட் பல இன்று கோணி நிற்கின்றன. 1959இல் அமெரிக்காவில் வெளிவந்த பார்பி, வினைலிற் பிறந்தவள். அவளுடைய உலோகத் தோடே காதைச் சுற்றிப் பச்சைக் கறையாகப் படர்ந்தது. வினைலை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். அப்பசையிலே தூசி படியும். தூசியிலே பூஞ்சணம் குடியேறும்.

சாரீரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நீடித்து நின்றாற் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். எமது கரையோர ஊர்களில் அது அவ்வளவுக்கு மேல் நிற்பதே வழக்கம். ஆதலின் எமக்குக் கவனம் இருமடங்கு வேண்டும். செலுலோயிட்டையும் வினைலையும் ஒரே பெட்டியில் அடைத்தல், நோயாளியையும் சுகதேகியையும் ஒரே பாயிற் கிடத்துவதற்கு ஒப்பாகும். செலுலோயிட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும். தோடு, மின்கலம் முதலிய உலோகங்களைக் கழற்றிவிடுக. நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துக. மதுசாரமும் தின்னரும் கறையோடு மேனியையும் கரைக்கும். வெயிலோ நிறத்தை உண்ணும். இப்பத்திரிகைத் தாளிலுங்கூடச் சுற்றிவைக்க வேண்டாம். அச்சு மை வினைலில் ஊறிவிடும்.

சிறுபிள்ளையின் விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பாடா என்று சிலர் நகைக்கலாம். ஏடு செல்லரித்தபோது எம் முன்னோர் வேறோர் ஏட்டிற் படியெடுத்தனர், நூல் பிழைத்தது. குழந்தையொன்றின் பல் பதிந்த பாவைக்குப் படியில்லை. பொன்னும் வெண்கலமும் நூதனசாலை புகும்; கடைத்தெருவில் வாங்கிய பாவையைக் குப்பைமேடே ஏற்கும். எளிய மக்கள் தம் பிள்ளைகளை எவ்வாறு மகிழ்வித்தனர் என்னும் வரலாறும் அதனோடு போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் வீடுகளிலே தப்பியிருக்கும் பழைய பாவைகளைத் தேடிக் காணச் செய்யுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, யார் விளையாடியது என்று ஒரு துண்டிலே எழுதிவைக்கச் செய்யுங்கள். எவ்வளவு பேணினும் பாவை ஒருநாள் மடியக்கூடும்; அத்துண்டிலுள்ள செய்தியைப் படியெடுக்கலாம்.