மூன்று பேர் அவிழ்த்த முடிச்சு

ரீசஸ் குரங்குகளுக்கு எய்ட்ஸைப் போன்ற நோயைத் தரும் வைரஸ் ஒன்று உண்டு. மேசன்-ஃபைசர் குரங்கு வைரஸ் என்று பெயர். அது பெருகுவதற்குக் கத்தரிக்கோல் மாதிரி ஒரு என்சைம் தேவை. அந்தக் கத்தரிக்கோலின் வடிவம் தெரிந்தால், எய்ட்ஸ் வைரஸ் உள்ளிட்ட அதே குடும்பத்து வைரஸ்களை முடக்கும் மருந்துக்குப் புது வழி தெரியலாம். ஆனால் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது விஞ்ஞானிகளுக்குப் பிடிபடவில்லை. என்சைமின் படிகம் கையில் இருந்தது. எக்ஸ்-ரே பதிவுகளும் இருந்தன. அந்தப் பதிவுகளை வடிவமாக மாற்றுவதற்கு வேண்டிய, ஓரளவு சரியான முதல் மாதிரிதான் கிடைக்கவில்லை. 2011 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை அந்தக் கதையை முடித்துவைத்தது. மாதிரியைத் தந்தவர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள். எடுத்துக்கொண்ட நேரம் மூன்றே வாரம்.

விளையாட்டின் பெயர் ஃபோல்டிட். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008 மே மாதம் வெளியிட்டது. அது பிறந்ததே ஒரு முணுமுணுப்பில்தான். அங்கே டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடம், மக்களின் வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை இன்டர்நெட் வழியாக இரவல் வாங்கி, புரோட்டீன்கள் எப்படி மடிகின்றன என்று கணக்குப் போட்டுவந்தது. நடப்பதைத் திரையில் படமாகவும் காட்டியது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரின் தடுமாற்றம் பொறுக்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பினால் சரியாகும் என்பது தங்கள் கண்ணுக்கே தெரிகிறது, கையை வைக்க விடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பேக்கர், கம்ப்யூட்டர் துறையின் ஸோரன் போபோவிச், ஸேத் கூப்பர், ஏட்ரியன் ட்ரய்ல் ஆகியோருடன் சேர்ந்து கையை வைக்க விட்டார்.

புரோட்டீன் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது தானாகச் சுருண்டு, ஆற்றல் மிகக் குறைவாக உள்ள நிலையில் அடங்கும். எந்தச் சுருள் அது என்று தேடுவதுதான் தலைவலி, வாய்ப்புகளுக்குக் கணக்கில்லை. ஃபோல்டிட்டில் திரையில் தெரியும் சங்கிலியை மவுஸால் இழுக்கலாம், முறுக்கலாம், உலுக்கலாம். ஆற்றல் குறையக் குறையப் புள்ளிகள் ஏறும். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. (சங்கிலியின் முறுக்குக் கோணங்களில் எவை சாத்தியம் என்று காட்டும் வரைபடம் ஒன்றும் விளையாட்டில் ஒரு கருவியாக இருக்கிறது. 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் போட்ட படம்தான் அது.)

இதுவரை சொன்னது தனி ஆளின் விளையாட்டு. கெட்டிக்காரத்தனம் புள்ளிப் பட்டியலில் இருக்கிறது. வெறும் போட்டி என்றால் நல்ல மடிப்பைக் கண்டவர் அதை மூடிவைத்துக்கொள்வார். வெறும் கூட்டுறவு என்றால் ராத்திரி இரண்டு மணிவரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஃபோல்டிட் இரண்டையும் பின்னியது. ஆடுபவர்கள் குழு சேரலாம். குழுக்களுக்கு இடையே போட்டி. குழுவுக்குள் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம். தனியாக முதலில் வருபவருக்கு ஒரு பட்டியல்; பிறர் செய்ததை எடுத்து மேம்படுத்துபவருக்குத் தனியே இன்னொரு பட்டியல். அடுத்தவர் வேலையைத் தொட்டுத் திருத்துவது, இங்கே திருட்டாகாமல் ஒரு திறமையாகிவிட்டது.

குரங்கு வைரஸ் புதிரை அவிழ்த்தது இந்த ஏற்பாடுதான். வென்ற மாதிரியை உருவாக்கிய மூவரும் 'கன்டெண்டர்ஸ்' என்ற ஒரே குழுவினர். ஒருவர் முரண்டு பிடித்த சங்கிலியைப் பெருமளவுக்கு நேர்செய்தார். இரண்டாமவர் அதை எடுத்து உள்பகுதியை இறுக்கமாக அடுக்கினார். மூன்றாமவர் வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு மடலை உடலோடு ஒட்டி உள்ளே செருகினார். எக்ஸ்-ரே பதிவுகளோடு அது பொருந்தியது. மூவரில் எவரும் தனியாக அங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது.

கூட்டுறவு என்றால் எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. 2003ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயி ஃபான் ஆன் வெளியிட்ட இ.எஸ்.பி. விளையாட்டில், முகம் தெரியாத இருவருக்கு ஒரே படம் காட்டப்படும். பேசிக்கொள்ள வழியில்லை. இருவரும் ஒரே சொல்லைத் தட்டினால் புள்ளி. படத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டும் கிடைத்துவிடும். படங்களைத் தேட உதவும் என்று கூகுள் 2006ல் அதைத் தன் பெயரில் நடத்தி, 2011ல் நிறுத்தியது. ஒத்துப்போனால் போதும் என்றால் மனிதர்கள் மேலோட்டமான சொல்லில்தான் ஒத்துப்போவார்கள். 'மனிதன்', 'நீலம்' என்று தட்டிவிட்டால் வேலை முடிந்தது. என்ன ஜாதிப் பறவை என்று யார் யோசிப்பது? ஏற்கெனவே வந்த சொற்களைத் தடைசெய்து பார்த்தார்கள். ஓரளவுக்குத்தான் பலித்தது. ஃபோல்டிட்டில் ஒத்துப்போவதற்குப் பரிசில்லை.

சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? விளையாட்டு பற்றி 2010ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, 57,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை மொத்தமாக ஆசிரியர் பட்டியலில் சேர்த்தது. பத்துப் புதிர்களில் ஐந்தில் அவர்கள் கம்ப்யூட்டரை மிஞ்சினார்கள், மூன்றில் சமம், இரண்டில் தோல்வி. குரங்கு வைரஸ் கட்டுரையில் குழுக்களின் பெயர்கள் ஆசிரியர் வரிசையிலேயே நின்றன. பணம் இல்லை. கௌரவம் கொடுத்தது நியாயம்தான். ஆனால் ஒரு குழுப் பெயரை வைத்து யாரும் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

பிறகு இயந்திரம் முந்தியது. புரோட்டீன் வடிவத்தைக் கணிக்கும் உலகப் போட்டியில் 2020ல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை அறிவு, மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்தள்ளியது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024 வேதியியல் நோபலில் பாதியைப் பெற்றார்கள். மறுபாதி டேவிட் பேக்கருக்கு, புது புரோட்டீன்களை வடிவமைத்ததற்காக.

ஃபோல்டிட்காரர்களும் அதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். இயற்கையில் இல்லாத புரோட்டீனை வெறும் வெள்ளைத்தாளிலிருந்து வரைய வேண்டும். போட்டி மனம் சும்மா இருக்குமா? புள்ளிக் கணக்கின் ஓட்டைகளைத் தேடிப் பிடித்தார்கள். நிஜத்தில் மடியவே மாட்டாத, ஆனால் புள்ளி கொட்டும் உருவங்களைக் கட்டினார்கள். விஞ்ஞானிகள் அடைக்க, இவர்கள் வேறு சந்து தேட, விதிகள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு ஓட்டையும், விஞ்ஞானிகள் தங்கள் கணக்கில் கவனிக்காமல் விட்ட ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 2019ல் முடிவு வெளியானது: ஆய்வுக்கூடத்தில் சோதித்த 146 வடிவங்களில் 56 நிஜமாகவே மடிந்து நிலைத்தன. வரைந்தவர்கள் 36 பேர். அவற்றில் ஒன்றின் மடிப்பு அதுவரை இயற்கையில் யாரும் பார்த்திராதது.